டீச்சரின் கொப்பிகளை அச்சில் ஏற்றாதீர்கள்

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் குழுவுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும்,

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

டீச்சருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று ராத்திரி நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாள், நீல மை, டீச்சரின் சாய்ந்த கையெழுத்து. பார்த்ததும் அழுதேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தேன். அழுகை நின்றுவிட்டது. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுதி வைத்திருந்த கொப்பியில், அதாவது நோட்டில், அது நம்மோடு படித்த ஒருத்தியின் பக்கம். அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். படத்துக்குக் கீழே கும்பிடு போட்டும் கண்ணீர் விட்டும் நாற்பது பேர் பொம்மை அனுப்பியிருந்தார்கள். அவள் எதுவும் அனுப்பவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் குழுவை விட்டுப் போயிருந்தாள்.

படம் போட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. டீச்சரைக் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் அந்தத் தாளில் டீச்சரின் கையெழுத்தைப் பார்த்தார், எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. ஆனால் நினைவு மலருக்காக இன்னும் முப்பது பக்கம் தேர்ந்தெடுத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. குழுவிலேயே இதை எழுதியிருக்கலாம். எழுதினால் பத்து நிமிடத்தில் காலை வணக்கம் படங்களுக்கு அடியில் போய்விடும். அதனால்தான் இந்த மடல்.

வளைவு விஷயத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். பள்ளி வாசலில் டீச்சர் பெயரில் நுழைவு வளைவு கட்டப் பணம் சேர்த்திருக்கிறீர்கள். நானும் கொடுத்தேன். கட்டப்போகும் இடம் யானை இறங்கும் வழி. சத்துணவுக் கூடத்தின் அரிசிக்காக இரண்டு முறை கதவை உடைத்துப் போட்டதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். முதுகு சொறிய அதற்கு ஒரு தூண் கட்டித் தருவானேன்? டீச்சரிடமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும். "வளைவுக்கு அடியில நின்னா மழைக்கு ஒதுங்க முடியுமா?"

சரி, கொப்பிக்கு வருகிறேன்.

மேலாண்மைக் குழுவில் புதிதாக வந்திருக்கும் பெற்றோர் பலர் டீச்சரிடம் படித்தவர்கள் இல்லை. அவர்களுக்கு அவர் சனிக்கிழமை மேசை போட்டு மனு எழுத வழிகாட்டிய பாட்டி. அதனால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

நீலகிரியில் நம் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கம் நம்மில் பாதிப்பேரின் தாத்தா பாட்டி கப்பலில் வந்தவர்கள். இங்கிருந்து போய் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டம் போட்டுக் கொடுத்த சனத்துக்கு, சுதந்திரம் கிடைத்த 1948-லேயே அங்கே குடியுரிமை இல்லாமல் ஆக்கினார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அப்புறம் எந்த ஊருக்கு அனுப்புகிறார்களோ அந்த ஊர். நீலகிரிக்கு வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்று நாம் டான்டீ என்று சொல்வது அதைத்தான்.

டீச்சர் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில், 12 வயதில், கையில் ஒரு தம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்தார். அங்கே அவர்களை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரர் என்றார்கள். படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, நம் பள்ளிக்கே டீச்சராக வந்த பிறகும் சிலோன் டீச்சர்தான். முதலில் அது கேலிப் பெயர். எப்போது மரியாதைப் பெயரானது என்று யாருக்கும் தெரியாது.

அங்கிருந்து அவர் கொண்டு வந்த சொற்களில் சில நம் ஊரில் ஒட்டிக்கொண்டன. தேத்தண்ணி குடித்தாயா என்பார். தோட்டத்து லைன் வீடுகளை லயம் என்பார். நோட்டைக் கொப்பி என்பார். கூடலூர் ஹைஸ்கூலுக்குப் போய் "சார், கொப்பி கொண்டு வரல" என்று சொல்லி வகுப்பே சிரித்த அனுபவம் எனக்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலிருந்து ஓய்வு பெறும்வரை வருடத்துக்கு ஒரு பெரிய சைஸ் கொப்பி. மொத்தம் 34. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் எண்கள். தாத்தாவின் பாஸ்போர்ட் எண், கப்பலில் வந்த தேதி, அங்கே எந்தத் தோட்டம், அதற்கும் முன்னால் தமிழ்நாட்டில் எந்த ஊர், குடும்ப அட்டை எண். ரேஷன் அட்டை இல்லை இது. திரும்பி வருபவர்களுக்கு அங்கிருந்த இந்தியத் தூதரகம் கொடுத்த அட்டை. மறுவாழ்வு உதவி எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். (மழைக்காலத்தில் காலில் ஏறுகிற அட்டை ஒன்று, ஆபீசில் கேட்கிற அட்டை ஒன்று, இந்த இரண்டு அட்டையும் நம்மை விடாது என்று டீச்சர் சொல்வார். முதல் அட்டைக்கு வகுப்பு வாசலிலேயே உப்பை மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இரண்டாவதற்குத்தான் கொப்பி.)

கப்பலில் வராதவர்களுக்கும் இடது பக்கம் இருந்தது. செக்‌ஷன் 17 நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு என்றைக்கு மனு கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று. ஜென்மிகள் என்ற நிலக்கிழார்களின் உரிமையை ஒழிக்க 1969-இல் வந்த ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் அந்த ஒரு பிரிவால் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் எத்தனையோ வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளுக்காகத்தான் டீச்சர் ஆறு மணிக்கு மேல் பள்ளியைத் திறந்து வைத்தார். பல்பு எரிகிற இடம் என்றால் நமக்கு அது ஒன்றுதான். எட்டு மணிக்கு ஜீப் ஹாரன் கேட்டால் எல்லாரும் ஒன்றாக, சத்தம் போட்டுக்கொண்டு, டார்ச்சோடு நடக்க வேண்டும். டீச்சர் கடைசியில் வருவார். முன்னால் நடப்பவருக்கு யானை தெரியும், பின்னால் வருகிறவருக்குப் பிள்ளை தெரியும் என்பது அவர் கணக்கு.

பணியர் என்கிற பழங்குடிச் சனத்தின் காலனிப் பிள்ளைகளுக்கும் கொப்பியில் இடம் இருந்தது. அவர்கள் பாஷைச் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அந்தப் பிள்ளைகள் முதல் வாரம் வந்துவிட்டு அடுத்த வாரம் நின்றுபோவதற்குப் பாஷைதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். மற்றவர்கள் "அவங்களுக்குப் படிப்பு வராது" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இடது பக்கம் இது. படம் எடுத்துப் போட்டது வலது பக்கத்தை.

வலது பக்கத்தில் டீச்சர் தனக்காக எழுதிக்கொண்டார். யாருடைய அப்பா அடிப்பார், அதனால் ரேங்க் கார்டை யாரிடம் கொடுக்கக் கூடாது. யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள். இன்றைக்குக் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, அப்போது டீச்சரின் ரொட்டிதான் இருந்தது. எந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பரிசம் போட ஏற்பாடு நடக்கிறது, யார் மூலம் பேசினால் நிற்கும். யார் வீட்டில் அப்பா பெயர் கேட்கக் கூடாது. இன்னும் இருக்கிறது. உதாரணத்துக்குக்கூட நான் அதையெல்லாம் இங்கே எழுதக் கூடாது.

என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அது என்னுடையது, சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க இடம் கிடைத்த வருடம், சாதிச் சான்று வாங்கப் போனோம். போன இடத்தில் பூர்வீகம் எது என்று கேட்டார்கள். திருச்சிப் பக்கம் என்றார் அப்பா. திருச்சிப் பக்கம் எங்கே? அப்பாவுக்குத் தெரியாது. தாத்தா செத்துப் பத்து வருடம். தாத்தாவின் பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஒரு ஆடி மாதம் கூரைத் தகடு பறந்ததில் பெட்டிக்குள் தண்ணீர் போய், எண்ணும் பெயரும் கரைந்து, தாத்தாவின் போட்டோவில் ஒரு காது மட்டும் மிச்சம் இருந்தது. ஆதாரம் இல்லாமல் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். சேர்க்கைக்கு ஒன்பது நாள் இருந்தது.

டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைத் திறந்தார். நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருடத்துக் கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்தார். பாஸ்போர்ட் எண், கப்பல் தேதி, அட்டை எண், முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயர். எல்லாம் இருந்தது. அந்த எண்களை வைத்துத்தான் பழைய பதிவேட்டில் தாத்தாவைத் தேடிப் பிடித்தோம். எட்டாம் நாள் சான்று கைக்கு வந்தது. இன்றைக்குக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ்.

அன்றைக்கு எண்களை எழுதிக்கொள்ளும்போது என் கண் வலது பக்கம் போனது. டீச்சர் மறைக்கவில்லை. "ஒன்னோடதுதானே, படி" என்றார். அப்பாவின் குடியைப் பற்றி ஒரு வரி. மதியச் சோற்றில் ஒரு கரண்டி கூடப் போடச் சொல்லி ஒரு வரி. அதற்குக் கீழே: "விடை தெரியும். முதலில் கேட்டால் பயந்துபோய்ச் சொல்ல மாட்டாள். மூன்றாவதாகக் கேட்க வேண்டும்."

நான் ஜன்னலோரம் இரண்டாம் பெஞ்சு. கேள்வி எப்போதும் எனக்கு முன்னால் இரண்டு பேரிடம் போய்விட்டு என்னிடம் வரும். தற்செயல் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

அந்த வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. இப்போது ஊருக்கே சொல்லிவிட்டேன். நானாகச் சொன்னதால் வெட்கமாக இல்லை. என்னைக் கேட்காமல் நினைவு மலரில் பதினெட்டாம் பக்கத்தில் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

நம்மில் கல்லூரியில் பாடம் நடத்துகிற அண்ணன் ஒருவர் போனில் என்னிடம் வாதாடினார். "இது வரலாறும்மா. தாயகம் திரும்பியவர்களைப் பற்றி அரசாங்கக் கணக்கு இருக்கு, நம்ம கையால எழுதினது எங்க இருக்கு? பூட்டி வெச்சா கரையான்தான் படிக்கும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 34 கொப்பியும் ஒரு மழைக்காலத்தில் என் தாத்தாவின் பாஸ்போர்ட் போல ஆகிவிட்டால் அது பெரிய பாவம். கப்பல் தேதிகளையும் தோட்டங்களின் பெயர்களையும் வரிசைப்படுத்தினாலே ஊரின் கதை கிடைத்துவிடும். இடது பக்கத்தை அந்தந்த வீட்டாரைக் கேட்டுவிட்டுப் பிரதி எடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலது பக்கம் வரலாறு என்று சொல்வதற்கு முன்னால், அதில் இருப்பவர்கள் இன்னும் உயிரோடு சேரம்பாடி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பரிசம் நின்றுபோன பிள்ளைக்கு இன்று கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது. அடித்த அப்பா கிழவனாகி அதே மகன் வீட்டில்தான் கஞ்சி குடிக்கிறார்.

கொப்பிகள் நம் குழுவுக்குச் சொந்தமும் இல்லை. டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை, தம்பி மகளைத்தான் வளர்த்தார். துக்க வீட்டில் "மலருக்கு வேணும்" என்று கேட்டபோது அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது. அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கும்.

நான் கேட்பது இதுதான். அந்தப் படத்தை எல்லாரும் அவரவர் போனிலிருந்து அழித்துவிடுங்கள். எடுத்து வைத்திருக்கும் முப்பது பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். பெட்டியைத் தம்பி மகளிடம் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பெண் சம்மதித்தால், கேட்டு வருகிறவர்களுக்கு அவரவர் பக்கத்தை மட்டும் காட்டலாம், டீச்சர் எனக்குக் காட்டியது போல. மலர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரவர் கதையை அவரவர் எழுதுங்கள். 2019 ஆகஸ்ட் மழையில் பள்ளியை முகாமாக்கியபோது, ஓய்வு பெற்றிருந்த டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் கக்கூஸைக் கழுவிவிட்டு அப்புறம் அடுப்பு மூட்டியதை யாராவது எழுதுங்கள். அங்கே இருந்தவர்கள் அதை நன்றாக எழுதுவார்கள்.

குழுவில் ஒருவர் துயில்கொள்ளும் தீபம் என்று தலைப்புப் போட்டு ஒரு கவிதை எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும், டீச்சர் அதைத் திருத்தாமல் விட்டிருக்க மாட்டார்.

வளைவுக்குச் சேர்ந்த பணத்தைப் பற்றி ஒரு யோசனை. டீச்சரின் சனிக்கிழமை மேசை இப்போது மூடிக் கிடக்கிறது. பழைய சத்துணவுக் கூடத்தில் அவர் மேசை போட்டு உட்கார்ந்தது ஏழெட்டு வருடம். அங்கே நடந்த வேலை என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசியத் திறனறித் தேர்வுக்குப் பிள்ளைகளின் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பார். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை மாதம் 1000 ரூபாய். வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்று உண்டு என்பதை லயம் லயமாகப் போய்ச் சொல்வார். 2022-இல் புதுமைப்பெண் திட்டம் வந்தபோது அவர் கவலைப்பட்டது வேறு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள் நடுவில் ஒரு வருடம் பிள்ளையை அங்கே ஏதோ ஒரு பள்ளியில் போட்டுவிட்டுத் திரும்பி வரும். அப்படிப் போகிறவர்களைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்து நிறுத்தி விளக்கியிருக்கிறார்.

ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் ஒரு பெயர் என்று வருகிறவர்களுக்கும் அங்கேதான் வழி. மேசையில் ஒரே ஒரு சட்டம். டீச்சர் யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டார். எழுதத் தெரிந்த பிள்ளையைக் கூட்டி வரச் சொல்வார், பிள்ளை எழுத வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். மை டப்பாவும் வைக்க மாட்டார். கைநாட்டு வைக்க வந்த அம்மாக்கள் கையெழுத்துப் போடப் பழகும்வரை தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துவிடுவார். என் அம்மா அப்படிப் பழகியதுதான். இன்றும் கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார்.

அந்தக் கூடத்துக்கு ஓடு மாற்ற வேண்டும், ஒரு பிரிண்டர் வேண்டும், பூட்டுகிற இரும்பு அலமாரி ஒன்று வேண்டும். வளைவுக்குச் சேர்ந்தது இதற்குப் போதும், மிச்சமும் இருக்கும். உட்கார ஆள் வேண்டும், அதுதான் கஷ்டம். 2024-இல் மாற்றியமைத்த பிறகு மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. அந்த இடங்களில் இருப்பவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வீதம் எடுத்துக்கொண்டால் ஊர் தாங்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்னுடையது. டியூட்டி மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டேன். டீச்சர் அளவுக்கு எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் வரிசையில் நிற்கத் தெரியும், மருத்துவக் காப்பீட்டு அட்டை பற்றித் தெரியும்.

குழுவை விட்டுப் போனவளிடம் போனில் பேசினேன். இந்த மடலை எழுதட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "என் பேர் போடாம எழுது" என்றாள். அப்புறம், "அந்தக் கொப்பி பத்திரமா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள்தான் அதை உண்மையாக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்தில் இருப்பேன். பூட்டு மாற்றியிருந்தால் சாவியை எதிரே டீக்கடையில் கொடுத்து வையுங்கள். மேசையின் இடது முன்கால் ஆடும். அதற்கு அடியில் டீச்சர் மடித்துச் செருகி வைத்திருக்கும் அட்டையைப் பெருக்கும்போது யாரும் எடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்,
ஜன்னலோரம், இரண்டாம் பெஞ்சு